மீன் பெட்டிக் கூரை

நம் பள்ளிக்கூட வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போன கிழமை ஒருத்தி ஒரு கேள்வி போட்டிருந்தாள். புது வீட்டுக்கு மேலே கொங்கிறீட் தட்டுப் போட்டாயிற்றாம், மத்தியானத்தில் அறைக்குள் இருக்க முடியவில்லையாம், சூட்டைத் தடுக்க மேலே எதைப் போடலாம் என்று கேட்டிருந்தாள். ஒருத்தி வெள்ளைப் பூச்சு என்றாள். ஒருத்தி மினுங்குகிற வெள்ளித்தாள் என்றாள். கொழும்பில் இருக்கிறவள் வழக்கம்போல எல்லாவற்றையும் விட விலை கூடிய ஒன்றைச் சொல்லிவிட்டு மறைந்துவிட்டாள். நான் பதில் போடவில்லை. போட உட்கார்ந்தேன், விரல் ஓடவில்லை. சுண்ணாம்பு, வைக்கோல், உமி, ரெஜிபோம் என்று எல்லாவற்றின் கீழும் படுத்துப் பார்த்தவள் நம்மில் நான் ஒருத்திதான். ஆகவே பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு இன்னும் கிழடு தட்டவில்லை என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். கடல் வந்தபோது பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடிய நாம்தான் இப்போது கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடித் திரிகிறோம். நம் பிள்ளைகளுக்குக் கடல் வந்தது சுனாமி என்று பாடப் புத்தகத்தில் வருகிற ஒரு சங்கதி. பழைய கதை சொல்லுகிற முறை நமக்கு வந்துவிட்டது, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

நான் சொல்லப்போவது நாட்டில் சண்டை முடிந்த வருடத்துக் கச்சான் காலம். மேற்கே வயல் பக்கமிருந்து அந்தக் காற்று அனலாக அடித்தால் நம் ஊரில் நாய்கூடத் தெருவில் நிற்காது. அப்போது நான் சாச்சியோடு இருந்தேன். சாச்சி என் உம்மாவின் தங்கை, சாச்சா அவள் கணவர். கடல் வந்த காலையில் நான் சாச்சாவின் சைக்கிள் பாரில் இருந்து சந்தைக்குப் போயிருந்தேன். சாச்சியின் மகளும் வருவதாகத்தான் இருந்தது. அவள் தலை முழுகிக்கொண்டிருந்ததால் வீட்டில் நின்றுவிட்டாள். அவளும் என் உம்மாவும் கடலோடு போய்விட்டார்கள். சாச்சியை ஒரு தென்னை காப்பாற்றியது. என் வாப்பா அன்று வளைகுடா நாட்டில், ஏதோ ஒரு கட்டடச் சாமான் கிடங்கில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகு எங்களைத் தகரக் கொட்டில்களில் வைத்தார்கள். கடலோரத்தில் திரும்ப வீடு கட்டக் கூடாது, வேறு இடத்தில் வீடு தருவோம், கொஞ்ச நாள் பொறுங்கள் என்றார்கள். அந்தக் கொஞ்ச நாளில் நான் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். கொட்டிலில் சாச்சி, சாச்சா, நான் என்று மூன்று பேர். சாச்சா கரையில் மீன் வாங்கி, ஐஸ் போட்டுப் பெட்டியில் அடைத்து, கொழும்பு லொறிக்கு ஏற்றுவார். அதிகம் பேசமாட்டார். சாச்சியும் முன்பு போலப் பேசுவதில்லை என்று ஆட்கள் சொன்னார்கள். எனக்கு முன்பு எப்படி என்று நினைவில்லை. சில நேரம் வாய் தவறி என்னைத் தன் மகளின் பெயரால் கூப்பிடுவாள். நான் ஓம் என்று எழுந்து போவேன். திருத்தினால் அவள் முகம் எப்படி மாறும் என்று ஒரு தடவை பார்த்திருந்தேன், அது போதுமாயிருந்தது.

வாப்பா அந்த வருடம்தான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். கடல் வந்த கையோடு ஒரு முறை வந்து, உம்மாவைத் தேடி, கிடைக்காமல் திரும்பிப் போனவர். அதன்பிறகு தொலைபேசியில் ஒரு குரல். எனக்குச் சப்பாத்து வாங்கி வந்திருந்தார். வெள்ளை நிறம், பக்கத்தில் ஒரு சின்னப் பூ. அவர் விட்டுப்போன பிள்ளையின் காலுக்கு அது சரியாக இருந்திருக்கும். என் பெருவிரல்கூட உள்ளே போகவில்லை. இரண்டு பேரும் அந்தச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு சாச்சி அதை வாங்கித் தகரத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டாள். அது எப்போது காணாமல் போனது என்று தெரியவில்லை.

வாப்பா வெளிநாட்டில் இருந்துகொண்டே ஒரு வீட்டைக் கட்டியிருந்தார். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு என்றால் அது பெண் பிள்ளையின் வீடு, மாப்பிள்ளை வந்து சேருகிறவன்தான். உம்மாவின் வீடு கடலோடு போய்விட்டது. எனக்கு ஒரு வீடு இல்லாமல் போகக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே நினைப்பு. ஊருக்கு மேற்கே வயலை நிரப்பிய காணியில், கடல் இரைச்சல்கூடக் கேட்காத தூரத்தில் அதைக் கட்டினார். ஆனால் கடல் வந்த அன்று கொங்கிறீட் கூரையில் ஏறியவர்கள் தப்பினார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து அவருக்குக் கூரை என்றால் ஏறி நிற்கிற இடம். ஓடு வேண்டாம், தட்டுத்தான் வேண்டும் என்று போனிலேயே மேசனோடு சண்டை பிடித்தாராம். வீட்டுக்குக் கதவு வருவதற்கு முன்பு வெளிப்படிக்கட்டு வந்துவிட்டது. கடல் இதுவரைக்கும் வந்தால் கல்முனையே இருக்காதே, ஏறி நின்று யாரைப் பார்க்கப் போகிறாய் என்று ஆட்கள் கேட்டுச் சிரித்தார்கள். அவருக்கு அது நகைச்சுவையாகப் படவில்லை.

வந்த முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து, வாப்பா கொட்டிலுக்கு வந்து என்னைத் தரும்படி சாச்சியிடம் கேட்டார். மகள் பெரிய பிள்ளையாகிற வயது, இனி அவள் தன் வீட்டில் இருக்கட்டும், அவருடைய மூத்த தங்கை பக்கத்திலேயே இருக்கிறாள், சமையலுக்கும் துணைக்கும் அவள் வந்து நிற்பாள் என்றார். வெகு பவ்வியமாகக் கேட்டார். அவர் தகப்பன், கேட்காமலே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். பள்ளிவாசலில் ஆட்கள் அப்படித்தான் அவருக்குப் புத்தி சொன்னார்களாம்.

சாச்சி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். அன்று மத்தியானமே நாங்கள் போனோம். அறையில் ஒரு பாயைப் போட்டு என்னைப் படுக்கச் சொன்னாள். தான் வாசலில் இருந்துகொண்டாள். தட்டு மேலேயிருந்து சூட்டை அப்படியே இறக்கியது. சுவர் சுட்டது, சிமெந்துத் தரை சுட்டது, பாயின் கோரைகூடச் சுட்டது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் சாச்சி எழுந்து வந்து என் பிடரியில் கையை வைத்தாள். அந்த ஈரக் கையை வெளியே கொண்டுபோய் வாப்பாவுக்குக் காட்டினாள்.

"பாருங்க மச்சான், புள்ளட கழுத்த. இது ஊடா, பாண் சுடுற போறணையா? இதுக்குள்ள எப்பிடி நான் புள்ளய விடுற?"

வாப்பா அந்தக் கையைப் பார்த்தார். சரி மச்சி, நான் ஏதாவது செய்கிறேன், அடுத்த வெள்ளிக்கிழமை திரும்ப வந்து பாருங்கள் என்றார். அப்படித்தான் அது தொடங்கியது.

இதில் ஒரு விஷயத்தை நீங்கள் கவனித்திருப்பீர்கள். நானும் கவனித்தேன், பதின்மூன்று வயதில். நாங்கள் திரும்பிப் போனது தகரக் கொட்டிலுக்கு. கச்சான் காலத்தில் அந்தத் தகரம் காலையிலேயே டக் டக் என்று சத்தம் போடத் தொடங்கும். மத்தியானத்தில் சாச்சி எனக்கு ஈரத் துணியை நெற்றியில் போட்டு, மட்டையால் விசிறுவாள். வாப்பாவின் வீடு போறணை என்றால் எங்கள் கொட்டில் போறணைக்குள் இருக்கிற நெருப்பு. அதை வாப்பா சொல்லியிருக்கலாம். சாச்சா சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு இது தெரியவில்லை, நான்தான் கண்டுபிடித்திருக்கிறேன் என்று வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியென்றால் சாச்சியும் சாச்சாவும் அந்த வீட்டுக்கு வந்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். வாப்பா கேட்டார். கொட்டிலை விட்டுப் போனால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், தருவதாகச் சொன்ன வீடு கிடைக்காது என்றார் சாச்சா. அதோடு, பொண்டாட்டி வீட்டில் போய் இருப்பது முறை, பொண்டாட்டியின் தமக்கை மகளுடைய வீட்டில் போய் இருப்பது என்ன முறை என்றும் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

முதல் கிழமை வாப்பா தட்டுக்கு மேலே சுண்ணாம்பு அடித்தார். வெளிநாட்டில் கூரையெல்லாம் வெள்ளையாக இருக்குமாம், வெயில் திரும்பிப் போய்விடுமாம். திரும்பிய வெயில் பக்கத்து வீட்டு மாமியின் கண்ணுக்குப் போனது. அவர் ஏசிக்கொண்டிருக்கும்போதே கச்சான் வயல் புழுதியைக் கொண்டுவந்து கொட்டி வெள்ளையைச் செம்மண்ணாக்கிவிட்டது. வெள்ளிக்கிழமை என் கழுத்து நனைந்திருந்தது.

அடுத்தது வைக்கோல். நாவிதன்வெளிப் பக்கமிருந்து ஒரு உழவு இயந்திரப் பெட்டி நிறைய வந்து இறங்கியது. வீடு முழுக்க வயல் வாசம். கூரையில் முழங்கால் உயரத்துக்குப் பரப்பி மேலே கல் வைத்தார். உண்மையாகவே கொஞ்சம் குளிர்ந்தது. ஆனால் காற்றுக்குக் கல்லைப் பற்றி என்ன கவலை? அந்தத் தெருவில் ஒரு கிணறு மிஞ்சவில்லை, ஒரு கறிச்சட்டி மிஞ்சவில்லை, எல்லாவற்றிலும் எங்கள் கூரை மிதந்தது. மாடுகள் வந்து வீட்டைச் சுற்றி நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு மாடு படிக்கட்டில் பாதிவரை ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் நின்றது. கடலுக்குப் பயந்து கட்டிய படிக்கட்டை முதன்முதலில் பயன்படுத்தியது அந்த மாடுதான். நான் சிரித்தேன். வாப்பாவும் சிரித்தார். சாச்சி சிரிக்கவில்லை, நான் சிரிக்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். கச்சான் தொடங்கி வெகு நாளில்லை. பெரிய தெருவில் பட்டாசு கொளுத்தினார்கள். காவலரண் பக்கம் போனவர்களுக்கு ஆமிக்காரர் வெற்றிக்கென்று பாற்சோறு கொடுத்தார்கள். வாங்கியவர்கள் எந்த முகத்தோடு சாப்பிடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். பக்கத்துத் தமிழ் ஊரிலிருந்து மீன் கூடையோடு வருகிற அக்கா அந்தக் கிழமை வரவில்லை. சாச்சி அவருக்கென்று எடுத்து வைத்த ஐஸ் முழுக்கத் தண்ணீராகிப் போனது. இனிப் பாதை திறக்கும், சாமான் வரும் என்றார் வாப்பா. அவர் நினைத்தது கூரைச் சாமானை.

அதுவரை பொறுக்காமல் உமியை எடுத்துக்கொண்டார். ஆலையில் சும்மா கிடக்கிற உமியைச் சாக்குகளில் இறுக்கி அடைத்துக் கட்டினார். காற்று அடிக்காமல் இருக்க, கைப்பிடிச் சுவரோடு சேர்த்து நெஞ்சளவு உயரத்துக்கு அடுக்கினார், நடுவிலும் பரப்பினார். தெருவிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. சண்டைக் காலத்தில் இங்கே இருந்திருந்தால் யோசித்திருப்பார். கீழேயிருந்து பார்த்தால் அது அச்சொட்டாக ஒரு பங்கர். வயல்வெளியைப் பார்த்தபடி, ஏறப் படிக்கட்டும் வைத்த பங்கர்.

வெள்ளிக்கிழமை நான் பாயில் படுத்திருந்தபோது ஆமிக்காரர் வந்தார்கள். வாப்பாவுக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும். பயத்தில் சிங்களம் வரவில்லை, அரபு வந்தது. சாச்சி உள்ளே ஓடிவந்து என்னைச் சுவரோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். மேலே சப்பாத்துக் கால்கள் நடந்தன. ஒருவர் கம்பியால் ஒரு சாக்கைக் குத்தியிருக்கிறார். உமி சரசரவென்று படிக்கட்டால் வடிந்து வாசலுக்கு வந்தது. பிறகு யாரோ சிரித்தார்கள். வயது குறைந்த ஒரு ஆமிக்காரர் கீழே இறங்கி, வீட்டுக்குத் தலையணையா என்று உடைந்த தமிழில் கேட்டுவிட்டு, இன்றைக்கே இறக்கிவிடுங்கள் என்று சொல்லிப் போனார். வாப்பா உமியில் உட்கார்ந்துவிட்டார். அன்று அறை வெகு குளிர்மை. ஆனால் சாச்சி என் பிடரியைத் தொட்டு, இது பயத்தில் வந்த வேர்வை இல்லை, சூட்டில் வந்ததுதான் என்று தீர்ப்புச் சொன்னாள்.

அந்த நாட்களில் நான் எவ்வளவு தனியாக இருந்தேன் என்று இப்போது சொல்லலாம். சாச்சி என்னைப் பார்க்கும்போது தன் மகளைப் பார்த்தாள். வாப்பா என்னைப் பார்க்கும்போது உம்மாவைப் பார்த்தார், பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொள்வார். கிழமைக்கு ஒரு மத்தியானம் என்னைப் பாயில் கிடத்தி, இரண்டு பேரும் என் வேர்வைக்காகக் காத்திருந்தார்கள். உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கேட்டிருக்கலாம்.

கடைசியில் வந்தது ரெஜிபோம், ஐஸ் பெட்டி செய்கிற அந்த வெள்ளை நுரை அட்டை. வாப்பா வேலை செய்த கிடங்கில் அது தட்டுத் தட்டாக அடுக்கியிருக்குமாம். அங்கே கொங்கிறீட் கூரை போட்டால் அதன் மேலே இதை இடைவெளியில்லாமல் பரப்பி, பொலித்தீன் விரித்து, மேலே மெல்லிய சிமெந்துக் காரை போடுவார்களாம். நம் ஊர்க் கடையில் அப்போது அது கிடைக்கவில்லை. கிடைத்தது சாச்சாவின் மீன் பெட்டிதான். உடைந்த பெட்டிகள் சந்தைக்குப் பின்னால் மலையாகக் கிடந்தன. சாச்சா ஒரு சொல்லும் சொல்லாமல் அவற்றை லொறியில் ஏற்றிக்கொண்டுவந்து வாப்பாவின் வாசலில் கொட்டிவிட்டுப் போனார். சாச்சிக்குத் தெரியாது என்று நினைத்திருப்பார். மீன் பெட்டியை யாரால் ஒளிக்க முடியும்?

பெட்டி கழுவ ஆள் வேண்டும் என்று வாப்பா என்னைக் கேட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்து மாலையில் மட்டும் என்று சாச்சி விட்டாள். கிணற்றடியில் நாங்கள் சவர்க்காரத் தூளும் சுண்ணாம்பும் போட்டுத் தேய்த்தோம். பழைய ஐஸ் தண்ணீரும் மீன் இரத்தமும் கலந்த அந்த வாசம் நகக்கண்ணில் ஏறி இறங்கவேயில்லை. உங்களில் இரண்டு பேர் வகுப்பில் மூக்கைப் பொத்திக்கொண்டு இடம் மாறி உட்கார்ந்தீர்கள். யாரென்று சொல்லமாட்டேன், அவர்களுக்குத் தெரியும். ஊரில் உள்ள பூனை முழுக்க எங்கள் கூரையில் குடியிருந்தது. வாப்பா பாண் வெட்டுகிற கத்தியைச் சூடாக்கிப் பெட்டியின் பக்கங்களை நறுக்கித் தருவார். வெள்ளைத் துகள் பறந்து அவர் மீசையிலும் என் தலையிலும் ஒட்டும்.

இது எப்படி வாப்பா சூட்டைத் தடுக்கும், ஊதினால் பறக்கிறதே என்று நான் கேட்டேன். நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு துண்டை உடைத்து உள்ளே காட்டினார்.

"இதுக்குள்ள இரிக்கிறது முழுக்கக் காத்து, மகள். சின்னச் சின்ன அறையில போட்டு அடச்சிரிக்கி. அதால அங்க இஞ்ச ஓட ஏலா. ஓட ஏலாத காத்துதான் சூட்ட உள்ளுக்கு விடாது."

ஒரு மாலை, கை வேலையை விடாமல், உம்மா எப்படிக் கதைப்பா என்று உனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டார். உம்மாவும் நானும் பேசிப் பதிந்து அனுப்பிய ஒரு கசற் நாடா அவரிடம் இருந்ததாம். அறை மாறும்போது யாருடையதோ சாமானோடு போய்விட்டதாம். எனக்கு உம்மாவின் கை நினைவிருந்தது, எண்ணெய் வாசம் நினைவிருந்தது, குரல் இல்லை. இல்லை என்று சொன்னேன். எனக்கும் போய்விட்டது மகள் என்றார். அதன்பிறகு நாங்கள் வெகு நேரம் பெட்டி தேய்த்தோம். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றுதான். சாச்சியை விட்டு வரவும் மனம் இல்லை. ஆக, முன்பு ஒரு கவலையோடு இருந்தவள் இரண்டு கவலையோடு திரும்பிப் போனேன்.

ரெஜிபோம் முழுக்கப் பரப்பியாயிற்று. இடுக்குகளில் துகளை அடைத்தார். மேலே கடல் வந்த காலத்தில் நிவாரணமாகக் கொடுத்த நீலத் தறப்பாளை விரித்தார். கோழிக்கூட்டுக் கம்பி வலை, அதற்கு மேலே இரண்டு விரல் தடிப்பில் காரை, அதற்கு மேலே சுண்ணாம்பு. மீன் வாசம் அடங்கியது, பூனைகள் ஏமாந்து போயின. நம் குழுவில் கேள்வி கேட்டவளுக்குப் பதில் இதுதான். ரெஜிபோம் போடு, மேலே காரை பூசு. உனக்கு அது போதுமென்றால் இங்கேயே நிறுத்திவிடலாம்.

காரை காய்ந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை கச்சான் ஆகக் கடுமையாக அடித்த நாள். சாச்சி சோறும் மீன் ஆணமும் கட்டிக்கொண்டு வந்தாள். சாப்பிட்டுவிட்டு நான் பாயில் படுத்தேன். வெளியே வெயில் கண்ணைக் கூசியது. அறைக்குள் அது இல்லை. தட்டு மேலே சும்மா இருந்தது. சாச்சி வாசலில் உட்கார்ந்து தட்டைப் பார்த்தாள், சுவரைத் தொட்டாள், கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். பிறகு அவள் தலை கதவு நிலையில் சாய்ந்தது. பிறகு நகர்ந்து வந்து என் பாயில் ஒரு ஓரத்தில் படுத்தாள். கொட்டிலில் அவள் பகலில் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. கையில் எப்போதும் விசிறுகிற மட்டை இருக்கும். அன்று வாயைத் திறந்துகொண்டு, ஒரு பிள்ளையைப் போலத் தூங்கினாள். வாப்பா யன்னலால் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். மச்சி தூங்குகிற வீட்டுக்குள் அவர் வருவாரா? வெளிப்படிக்கட்டில் போய் வெயிலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அஸர் பாங்கு கேட்டு சாச்சி விழித்தாள். விழித்ததும் அவள் கை பழக்கத்தில் என் பிடரிக்கு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கை அங்கேயே இருந்தது. அழுத்தவில்லை, எடுக்கவும் இல்லை. பிறகு எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள். படிக்கட்டு யன்னலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது, எல்லாம் கேட்டது.

"வேர்க்கல்ல மச்சான்" என்றாள்.

படிக்கட்டில் வாப்பாவின் செருப்பு உரசியது.

"இனி நான் என்னத்தச் சொல்ற? சொல்றதுக்கு எனக்கிட்ட ஒண்டும் இல்ல. புள்ளயத் தர ஏலா மச்சான், அவ்வளவுதான். இவளும் போனா அந்தக் கொட்டிலுக்குள்ள நான் ஆரப் பார்த்து எழும்புற?"

"அது எனக்குத் தெரியும், மச்சி. முதல் வெள்ளிக்கிழமையே தெரியும். தகரத்துக்குள்ள இருந்துக்கிட்டு நீங்க எண்ட ஊட்டச் சூடு எண்டீங்க."

"தெரிஞ்சிக்கிட்டா இவ்வளவும் செஞ்சீங்க?"

வாப்பாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"சூடு எண்டு நீங்க சொல்ற வரைக்கும் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை புள்ள வருவாதானே. கடல் வந்தண்டு இஞ்ச இல்லாதவன் நான். தா எண்டு எந்த முகத்தோட கேக்குற? இந்த மீன் பெட்டியும் சரி வராது எண்டுதான் மச்சி நினைச்சன். சரி வந்திட்டுது, என்ன செய்ய?"

சாச்சி மூக்கைச் சீறுவது கேட்டது. காற்று வெளியே புழுதியை வாரி எறிந்துகொண்டிருந்தது. இனி வெள்ளிக்கிழமை இல்லை என்று விளங்கியது. ஒன்றில் நான் இந்த வீட்டில் இருக்க வேண்டும், அல்லது வாப்பா பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பப் போவார். யாராவது ஒருவர் தனித்துப் போவதாகத்தான் அது முடியும் என்று எனக்குத் தெரிந்தது. இப்போதும் யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. நான் யன்னல் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

"சாச்சி" என்று கூப்பிட்டேன். "எனக்குச் சூடாயிரிக்கி."

சாச்சி உள்ளே வந்து தொட்டுப் பார்ப்பாள் என்று பயந்தேன். வரவில்லை. வெகு நேரம் கழித்து அவள் குரல் கேட்டது, அழுகையோடு, ஆனால் தன் வழக்கமான கண்டிப்போடு.

"கேட்டீங்களா மச்சான்? புள்ளைக்குச் சூடாம்."

"ஓம் மச்சி" என்றார் வாப்பா. "அப்ப இன்னும் வேலை இரிக்கி. வாற வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க, பார்ப்பம்."

நான் பாயை விட்டு எழும்பாமல் அப்படியே கிடந்தேன். எனக்குக் கொஞ்சம் குளிரவும் செய்தது.